அம்சாவின் நாற்காலி

தென்னரசு மேடையேறினால் அம்பாளைப் பாதத்திலிருந்து கூந்தல்வரை வர்ணிப்பார். திண்டிவனத்தில் தமிழாசிரியர், ஆடி மாதம் அந்த வட்டாரக் கோயில்களெல்லாம் அவரைத்தான் கூப்பிடும். செம்பஞ்சுப் பாதம், துடியிடை, கயல்விழி என்று ஏறிக்கொண்டே போய், கூந்தலுக்கு வந்ததும் நிறுத்துவார்.

"கார்மேகக் கூந்தலைப் புலவர்கள் பாட்டில் பாடினார்கள். நான் தினமும் வீட்டில் பார்க்கிறேன்!"

கை முன்வரிசையைக் காட்டும். அங்கே அவர் மனைவி அம்சா, பச்சைப் பட்டில், முழங்காலைத் தொடும் பின்னலோடு உட்கார்ந்திருப்பாள். கூட்டம் மொத்தமும் திரும்பும்.

கல்யாணமான புதிதில் அவளுக்குக் கூச்சமும் பெருமையுமாக இருந்தது. போகப் போக, தலை குனிந்து சிரிப்பது ஒரு வேலையாகிப்போனது. சோற்றை இரண்டாம் முறை போட்டுக்கொண்டால், "இடை பத்திரம்" என்பார். விளையாட்டாகத்தான் சொல்வார். அவள் கை தானாக நின்றுவிடும்.

போன வருடம் முடி கொத்துக்கொத்தாகக் கொட்டியது. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் தைராய்டு என்றார்கள், ரத்தமும் கம்மி என்றார்கள். தென்னரசு மாத்திரையோடு பின்னலில் வைத்துக் கட்ட ஒரு சவுரிமுடியும் வாங்கி வந்தார். சவுரி வைத்து, மேலே பூவும் சுற்றி, பெருமுக்கல் திருவிழாவில் உட்கார்ந்தபோது பின்னந்தலை விண்ணென்று வலித்தது. மறுநாள் அவர் பள்ளிக்கூடம் போனதும் பார்லருக்குப் போய்க் கழுத்தளவுக்கு வெட்டிக்கொண்டாள். எழுந்தபோது தலை லேசாக இருந்தது.

அவர் திட்டவில்லை. அதன்பிறகு நிகழ்ச்சிகளுக்குத் தனியாகப் போனார். விட்டது தொல்லை என்றிருந்தாள், பக்கத்து வீட்டு வெண்ணிலா சொல்லும்வரை.

"யக்கா, நேத்து சார் உன் முடியப் பத்தித்தான் பேசிக்கினு இருந்தாரு. உடம்பு சரியில்ல, அதான் வரலன்னாரு."

அடுத்த கூட்டம் விழுப்புரத்தில். அவர் காரில் கிளம்பிப் போனபின் அம்சா பஸ் ஏறினாள். அவள் போய்ச் சேர்ந்தபோது பேச்சு தொடங்கியிருந்தது. முன்வரிசையில், அவள் வழக்கமாக உட்காரும் இடத்தில் ஒரு நாற்காலி காலி. போய் உட்கார்ந்தாள்.

விழாக்குழு மணிமாறன் குனிந்து வந்தான். "எந்திரிங்க மேடம். இது சார் வீட்டம்மாவுக்குப் போட்டது. வந்தாலும் வருவாங்க."

"நான்தாங்க அது."

அவன் அவள் தலையைப் பார்த்தான். "பேஜாரு பண்ணாதீங்க, பின்னாடி எடம் கீது."

அவள் மேடையைப் பார்த்தாள். தென்னரசு அவளைப் பார்த்துவிட்டார். பேச்சு ஒரு கணம் தடுமாறியது. பார்வையை அவள் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, தொடர்ந்தார்.

அம்சா எழுந்தாள். பின்னால், தரையில் பெண்களோடு உட்கார்ந்தாள். வர்ணனை மெல்ல மெல்ல ஏறிக் கூந்தலுக்கு வந்தது. அவர் கை காலி நாற்காலியைக் காட்ட, எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். பக்கத்தில் இருந்தவள், "எந்த மகராசியோ, குடுத்து வெச்சவ" என்றாள். அம்சா தலையாட்டினாள். அவளுக்கே ஏனென்று தெரியவில்லை.

கூட்டம் முடிந்ததும் அவர் காரிலேயே திரும்பினாள். விக்கிரவாண்டி தாண்டியதும் அவள் கேட்டாள்: "என்னைப் பாத்தீங்க இல்ல?"

"பாத்தேன்."

"அப்புறம் ஏங்க அவங்கிட்ட சொல்லல?"

"அத்தினி பேர் முன்னாடி என்னா சொல்ல சொல்ற? அடுத்த மாசம் அனந்தபுரம். அந்த சவுரிய வெச்சிக்கினு வந்துடேன், அம்சா."

"நான் வரல. இனிமே என்னைப் பத்திப் பேசவும் வேணாம்."

அவர் கோபப்படவில்லை. உண்மையிலேயே புரியாதவர்போல் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"கூந்தலப் பத்தித்தான பேசறேன். உன்னைப் பத்தி நான் எப்பப் பேசினேன்?"

அம்சா கண்ணாடியை இறக்கினாள். காற்று கழுத்தில் அடித்தது. கார் திண்டிவனத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.