பெறுநர் கையில் மட்டும்

சோபா வாசலில் சிக்கிக்கொண்டது.

"தூக்குன்னா தூக்கணும் அண்ணா. தடவிக் குடுத்தா அது வராது," என்றாள் சின்னவள், உள்ளே நின்றபடி.

"தூக்கிட்டுத்தானே இருக்கேன்!" பெரியவன் வெளியே படிக்கட்டில் நின்று மூச்சு வாங்கினான்.

பதினோரு மணிக்கு ஐஸ் பெட்டி வந்துவிடும். அதைக் கூடத்தில் வைக்க வேண்டுமென்றால் சோபா வெளியே போக வேண்டும். அம்மா உள்ளறைக் கட்டிலில் கிடந்தாள். விடிகாலையில் போன உயிர். டாக்டர் வந்து சான்றிதழ் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். செய்தி சொன்னதும் பெரியவன் அரை மணியில் வந்தான், வந்ததும் அழுதான். அரை மணியில் வரக்கூடியவன்தான் ஒன்பது வருஷமாக மாதத்துக்கு ஒரு தடவை தலையைக் காட்டிக்கொண்டிருந்தான். அந்த அழுகையைப் பார்க்கப் பார்க்கச் சின்னவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பெரியவனுக்குப் பின்னால் ஒரு தபால்காரர் வந்து நின்றார். கையிலிருந்த உறையைப் பார்த்து அம்மாவின் முழுப் பெயரை வாசித்து, "இருக்காங்களா?" என்றார்.

"என்ன வந்திருக்கு?" என்றாள் சின்னவள்.

"பாஸ்போர்ட்டுங்க. புதுப்பிச்சு வந்திருக்கு."

பெரியவன் தன் முனையைத் தொப்பென்று விட்டான். அவன் முகம் போன போக்கிலேயே சின்னவளுக்குப் பாதி விளங்கிவிட்டது.

"நான் மகன்தான், என்கிட்ட குடுங்க," என்று அவசரமாகக் கை நீட்டினான்.

"அவங்க கையிலதாங்க குடுக்கணும். ரூல் அப்படி."

"உள்ளதான் படுத்திருக்காங்க," என்றாள் சின்னவள். "எழுப்ப முடிஞ்சா எழுப்பிக் குடுத்துட்டுப் போங்க."

"பரவால்லைங்க, மெதுவா எந்திரிச்சு வரட்டும். நான் நிக்கிறேன்," என்றார் அவர். நல்ல மனுஷன்.

"காலையில தவறிட்டாங்க சார்," என்றான் பெரியவன்.

தபால்காரர் தொப்பியைக் கழற்றினார். உறையை மட்டும் விடவில்லை.

"அம்மாவுக்கு எதுக்கு பாஸ்போர்ட்?" என்றாள் சின்னவள்.

"இப்ப வேண்டாமே அது."

"இப்பத்தான் வேணும். எப்ப நடந்தது இதெல்லாம்?"

"போன மாசம், கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்னு வந்தேனே. அன்னிக்கு."

அன்று அம்மாவுக்குத் தலை வாரிவிட்டதே அவள்தான். காது ரெண்டும் நல்லாத் தெரியிற மாதிரி வாரு என்று அம்மா கேட்டாள். கண்ணைப் பார்க்கிற டாக்டருக்குக் காது எதற்கு என்று இவளுக்குத் தோன்றவேயில்லை. படியப் படிய வாரி, நெற்றியில் பறந்த முடியைத் தண்ணீர் தொட்டு ஒதுக்கி, போட்டோவுக்குத் தயார் பண்ணி அனுப்பியிருக்கிறாள், மடச்சி.

அம்மா நர்ஸ். இரண்டு தேசம், நாலு ஆஸ்பத்திரி, பத்தொன்பது வருஷம். பழைய பாஸ்போர்ட்டுகள் ரப்பர் பேண்டு போட்டு அலமாரியில் கிடந்தன. மற்ற பிள்ளைகள் கதைப்புத்தகம் படித்த வயதில் சின்னவள் அவற்றைத்தான் படித்தாள். இந்த முத்திரை அவளுக்கு மஞ்சள் காமாலை வந்த வாரம். இது பள்ளிக்கூட நாடகத்துக்கு முந்தின நாள். ஒரு நாள் தங்கிவிட்டுப் போயிருந்தால் என்ன, குடியா முழுகியிருக்கும்? கடைசியில் முழங்கால் இரண்டும் போன பிறகு அம்மா இவளிடம் வந்து சேர்ந்தாள். முன்னறையில் தையல் மெஷினை ஓட்டிக்கொண்டே ஒரு காதை உள்ளறையில் வைத்திருந்தவள் சின்னவள்தான், வேறு யாருமில்லை.

"எங்க போறதா இருந்தாங்க?"

"பழைய இடத்துக்குத்தான். கூட வேலை பார்த்த ஆன்ட்டி அங்க தனியா இருக்காங்களாம். நீயும் வந்துடு, ரெண்டு பேரும் ஒண்ணா இருந்துக்கலாம்னு கூப்பிட்டாங்களாம்."

"எத்தனை நாளைக்கு?"

பெரியவன் சோபா உறையில் பிரிந்திருந்த ஒரு நூலைப் பிடித்து இழுத்தான்.

"திரும்பி வர டிக்கெட் உண்டா, இல்லையா?"

"போறதுக்கு மட்டும்தான் பார்க்கச் சொன்னாங்க. பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் உன்கிட்ட நானே சொல்லிக்கிறேன்னாங்க."

"நீயும் பார்த்தே."

"நீதானே போகச் சொன்னே! 'அவளே கிளம்புன்னுட்டா, இனிமே என்ன'ன்னு அம்மா சொன்னாங்க. நான் என்ன பண்ண?"

சின்னவள் சொன்னாள்தான். டீ ஆறிப்போச்சு என்று அம்மா முகம் சுளித்த ஒரு சாயங்காலம், மடியில் யாருடைய கால்சட்டையோ, வாயில் குண்டூசி. ஊசியைத் துப்பிவிட்டுக் கத்தினாள்: "புடிக்கலைன்னா கிளம்பு. போறது உனக்கு என்ன புதுசா?" அம்மா ஆறின டீயைக் குடித்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டே போய் டம்ளரைத் தானே கழுவி வைத்தாள். அன்றைக்கு ஜெயித்துவிட்டதாகச் சின்னவள் நினைத்துக்கொண்டாள்.

"கோவத்துல ஆயிரம் சொல்லுவேன்," என்றாள். குரல் பிசிறியது, அது அவளுக்கே பிடிக்கவில்லை. "ஒரு வாரம் உன் வீட்டுல வச்சுப் பாத்திருப்பியா நீ? வழியனுப்ப மட்டும் முன்னாடி வந்து நின்னுட்டே."

"பத்து வருஷம் செல்லுங்க இது," என்றார் தபால்காரர், சும்மா நிற்க முடியாமல். சொன்னபிறகு ஏன் சொன்னோம் என்று அவருக்கே ஆகிவிட்டது.

எழுபத்து நாலு வயதில் பத்து வருஷத்துக்குக் கிளம்பியிருக்கிறாள். இங்கே கட்டிலை விட்டு இறங்க ஆள் வேண்டும். இவளை விட்டுப் போவதற்கு மட்டும் கால் இருந்திருக்கிறது.

தபால்காரர் போனை எடுத்தார். "குடுக்க முடியலைன்னா காரணம் போடணுங்க. இறந்துட்டாங்கன்னு இதுல கிடையாது." திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். வீடு பூட்டியுள்ளது. முகவரி தவறு. வெளியூர் சென்றுவிட்டார். வாங்க மறுத்துவிட்டார். "இப்படி வந்தா வெளியூர்னுதான் போடுவோம். போட்டுடட்டுங்களா?"

"போடுங்க," என்றான் பெரியவன்.

"போடாதீங்க." சின்னவள் சோபாவின் மேல் முழங்காலை ஊன்றி முன்னால் வந்தாள். "அவங்க எங்கயும் போகலை."

"அப்ப என்னன்னு..."

"வாங்க மாட்டேன்னுட்டாங்க. அப்படிப் போடுங்க."

 

"வீட்டுல யாராவது ஒருத்தர் கையெழுத்துப் போடணுங்க," என்று தபால்காரர் போனை நீட்டினார். உறவு என்ற இடத்தில் அவரே மகள் என்று அடித்திருந்தார். சின்னவள் விரலால் கையெழுத்துப் போட்டாள். விரல் ஈரமாக இருந்ததால் திரையில் ஒன்றும் விழவில்லை. சோபாவில் அழுத்தித் துடைத்துவிட்டு, மறுபடியும் போட்டாள்.