கட்டிலை மறைத்து நின்றவள்

...இல்லை, அவர் தலையை ஆட்டியது வேண்டாமென்றுதான், அதில் என்ன சந்தேகம், புருஷன் மர்சூக் இறந்த இந்த முப்பத்தொரு நாளாக ஹமீமா அதையே புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டாள், இடப்பக்கம், வலப்பக்கம், மறுபடி இடப்பக்கம், தலையணை உரசும் மெல்லிய சத்தத்தோடு... வெளியே தம்புள்ளைக்குப் போகும் லொறி ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. சாயங்கால அஸர் தொழுகைக்கு இன்னும் நேரமிருந்தது. புருஷன் மௌத்தானால் நாலு மாதமும் பத்து நாளும் இத்தா, பெண் வீட்டை விட்டு இறங்கக் கூடாது, மகன் பஸ்லி ஜன்னலுக்கெல்லாம் திரை போட்டிருக்கிறான், அக்கம்பக்கத்தார் மரக்கறியைக்கூட வாசலில் வைத்துவிட்டுப் போகிறார்கள், அவள் வீட்டிலேயே இருக்க ஊரே காவல்... மர்சூக் கேட்டதும் இதைத்தானே? வீட்டிலேயே இருக்க விடு என்றுதானே?

ஈரலில் வந்த புற்றுநோய் இனி மருந்துக்கு அடங்காது என்று ஆஸ்பத்திரியில் சொன்ன அன்று, கையெழுத்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம், வற்புறுத்தி வைத்திருக்க யாராலும் முடியாது, அது நோயாளியின் உரிமை என்றும் அந்த டாக்டரம்மா சொன்னார். மனுஷனுக்கு என்ன பெருமை! மிளகு வியாபாரம் கொழித்த வருஷத்தில்கூட அப்படிச் சிரித்ததில்லை. "எனக்கு உரிமை ஈக்கி ஹமீமா, டாக்டரே சொல்லிட்டாங்க. மூச்சு வாங்கினாலும் என்னைத் தூக்கிட்டு ஓட வேணாம், வாக்குத் தா." தந்தாள். பத்தொன்பது நாள் காப்பாற்றவும் செய்தாள். இருபதாம் நாள் காலை அந்த மூச்சு, தொண்டைக்குள் தண்ணீர் கொதிக்கிற மாதிரி... போனை எடுத்தது எந்தக் கை? முதலில் அவர் தங்கை ஸரீனாவுக்கு, அடுத்தது ஆம்புலன்ஸுக்கு. வந்தவன் சிங்களத்தில் மரியாதையாகத்தான் கேட்டான், ஐயாவுக்கு வரச் சம்மதமா என்று. மர்சூக் தலையை ஆட்டினார். கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். அவளோ கேட்டவனுக்கும் கட்டிலுக்கும் நடுவில் போய் நின்று, சம்மதம்தான், அவரே கேட்கிறார் என்றாள்... விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்ததும் அவள்தான். வழியில் பலாபத்வலை ஊர் வருமுன்னே முடிந்துவிட்டது. வீட்டிலும் இல்லை, ஆஸ்பத்திரியிலும் இல்லை, ரோட்டில்.

"மச்சி, இப்பிடித் திரைக்குள்ளயே ஈந்தா மொளச்சிப் போயிருவீங்க!" ஸரீனா கஞ்சிப் பாத்திரத்தோடு வந்துவிட்டாள், தினமும் வருகிறாள், பாவம், துணைக்காகத்தான்... கதை பேசினாள், பல் நோவு விசாரித்தாள், வழக்கம்போலப் போகிற நேரத்தில் அறையின் நிலைக்காலில் கை வைத்து நின்றாள். அதே கேள்வி, நானா என்று அவள் அழைக்கும் அண்ணனைப் பற்றி. "நானாவே கேட்டாரா மச்சி, போகணும்னு?" இன்று சொல்லிவிடலாம். ஒரு ஆளிடமாவது சொல்லாவிட்டால் அவர் கட்டில் கிடக்கும் இந்த அறையில் எப்படி மூச்சு விடுவது? "ஸரீனா, அன்னைக்கி அவர்..."

"நான்தானே போன்ல கத்தினேன்," ஸரீனா முந்திக்கொண்டாள், "சும்மா பாத்துட்டு ஈக்காம ஆம்புலன்ஸுக்கு எடுங்கன்னு. நானா நமக்கெல்லாம் சொல்லி வச்சது தெரிஞ்சும் கத்தினேன். அவரே கேட்டாருன்னு நீங்க சொல்றதாலதான் மச்சி சோறு எறங்குது."

துணைக்கு வரவில்லை, அப்படியானால்... அந்த ஒரு சொல்லுக்காகத்தான் முப்பத்தொரு நாளும் படியேறி வந்தாளா?

"கேட்டார்," என்றாள் ஹமீமா. "அவரேதான் கேட்டார்." சொன்ன பிறகுதான் கவனித்தாள், உட்கார்ந்திருந்தவள் எப்போதோ எழுந்து வந்து, ஸரீனாவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தாள்.