ஊதாத ஓபோ

டெல்ஃபின் பெட்வே சீவாளியை வாயில் ஈரப்படுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் தன் ஓபோக் குழலில் ஒரு சுரத்தை நீட்டி ஊதினால்தான் மொத்த இசைக்குழுவும் அதோடு சுருதி சேர்க்கும். அந்த மேடையில் கறுப்புப் பெண் அவள் ஒருத்திதான். அதனால் கறுப்பர் எழுதிய இசை எதை எடுத்தாலும் எல்லாரும் அவள் முகத்தைப் பார்ப்பார்கள். கறுப்பர் வரலாற்று மாதமான பிப்ரவரியோடு அந்தத் தொல்லையும் முடிந்துவிடும், தாள்கள் பெட்டிக்குள் போய்விடும். அந்த ஒரு மாதத்திலும் அந்த இசைக்குக் கிடைப்பது முதல் உருப்படி, தாமதமாக வருகிறவர்கள் வெளியே கோட்டைக் கழற்றிக்கொண்டிருக்கும் நேரம்.

இந்த வருடம் அப்படி இல்லை என்று சொல்லியிருந்தார்கள். ஐசயா கிரீன்லீயின் சிம்பொனி, நான்கு பகுதிகளும், இடைவேளைக்குப் பிறகு. இதே ஊர்த் தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் வேலை பார்த்துக்கொண்டே அதை எழுதியவர், முழுதாக ஒரு தடவைகூடக் கேட்காமல் செத்துப்போனார். அவர் மகள் லூவெட்டா, டெல்ஃபின் போகும் சர்ச்சில் முன் வரிசைக்காரி. இன்று மாலைக் கச்சேரிக்கென்று புதுத் தொப்பியே வாங்கிவிட்டாள்.

"அப்பாவோடதுல அந்த அழுகைத் துண்டை மட்டுந்தான்டி வாசிப்பானுங்க. மீதி எப்படி இருக்கும்னு தெரியாமலே நானும் போய்ச் சேந்துருவேனோன்னு இருந்துச்சு" என்று போன ஞாயிற்றுக்கிழமை சொல்லிச் சிரித்தாள்.

இப்போது கடைசி ஒத்திகை. ஜெர்மன்காரர் ஒருவரின் பெரிய சிம்பொனி முந்தைய ஒத்திகைகளை எல்லாம் விழுங்கிவிட்டிருந்தது. இசைக்குழு நடத்துநர் ஹால்வர்சன் கடிகாரத்தைப் பார்த்தார்.

"கிரீன்லீல ரெண்டாவது பகுதி மட்டும் போதும். அதைக் கச்சேரில மொதல்ல வெச்சுக்கலாம். உருக்கமா இருக்கு, ஜனங்களுக்குப் பிடிக்கும்."

டெல்ஃபினுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ரெண்டாவது பகுதி அழும். நாலாவது பகுதி கோபப்படும், டிரம்பெட்டுகள் எல்லாம் எழுந்து கணக்குக் கேட்கும். அழுதால் கைதட்ட ஆளுண்டு, கோபப்பட்டால் மட்டும் இவர்களுக்கு நேரம் போதாது. அவள் ஓபோவை மடியில் கிடத்தினாள்.

முதல் வயலின்காரர் கோவாச் வழக்கம்போல எழுந்து அவளைப் பார்த்துத் தலையசைத்தார்.

"என்னம்மா, ஊது. எனக்குப் பசிக்குது."

"முழுசா வாசிக்கறதா இருந்தா ஊதறேன்."

ஹால்வர்சன் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். "டெல்ஃபின், எனக்கு மட்டும் ஆசையில்லையா? நேரம் எங்க இருக்கு?"

"அந்த ஜெர்மன்காரரைத் தூக்கத்துலகூட வாசிப்போம் நாங்க. நேரத்தை அவர்கிட்டருந்து எடுங்க."

"வேலை போயிடும், தெரியுமில்ல?"

"தெரியும். சாயங்காலம் அந்தம்மா புதுத் தொப்பியோட வந்து உக்காருவாங்க. அவங்க மூஞ்சியில நீங்க முழிப்பீங்களா?"

ஹால்வர்சன் முதல் வயலின் பக்கம் திரும்பினார். "கோவாச், நீங்களே சுருதி குடுங்க."

கோவாச் தன் வயலினைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். இத்தனை வருடங்களில் அவளை வம்புக்கு இழுத்ததைத் தவிர வேறெதுவும் செய்யாத மனிதர்.

"எனக்கு இப்பப் பசிக்கல" என்று உட்கார்ந்துகொண்டார்.

கடைசி வரிசையில் ஒருத்தர் தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. ரெண்டாவது பகுதியிலிருந்து பின்னோக்கி, கிரீன்லீயின் முதல் பக்கத்துக்கு. பக்கத்திலிருந்தவர் புரட்டினார். பிறகு செல்லோக்காரர்கள், டிரம்பெட்டுக்காரர்கள், வயலின்கள். எல்லாரும் இல்லை, சிலர் குனிந்த தலை நிமிரவில்லை.

ஹால்வர்சனின் கை, ரெண்டாவது பகுதியில் விரித்த தாளின் ஓரத்தில் அப்படியே நின்றது. டெல்ஃபின் ஓபோவை எடுத்தாள். காய்ந்திருந்த சீவாளியை மறுபடி ஈரப்படுத்திக்கொண்டு, பக்கத்தைப் புரட்டுமா என்று அந்தக் கையையே பார்த்திருந்தாள்.