தங்கச்சி தோட்டத்துப் பங்கு

அந்த அடுக்குமாடி வீட்டில் எல்லோரும் அவளை ஸ்டியரிங் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். டவுன் பஸ் ஓட்டுகிறவள். குரல் கொஞ்சம் கனம், பேச்சு நறுக்கென்று இருக்கும். மாடிப்படியில் யாராவது சைக்கிளைச் சாத்தி வைத்தாலும் சரி, தண்ணீர்த் தொட்டி கழுவ ஆள் வராவிட்டாலும் சரி, முதலில் அவள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். யாருக்காகவும் பூசி மெழுகமாட்டாள் என்று பெயர் வாங்கியிருந்தாள். அந்தப் பெயர்தான் அவளை வம்பில் மாட்டிவிட்டது.

தொடங்கி வைத்தது மாடி வீட்டு நர்ஸம்மா. கடையில் வாங்கிய கீரை மறுநாளே குழைந்து நாறிய எரிச்சலில், கீழ்த்தளத்து சலூனில் எல்லோரையும் கூட்டிவிட்டாள். அன்று சலூனுக்கு வார விடுமுறை. சுழல் நாற்காலிகளில் பெரியவர்கள் உட்கார்ந்துகொள்ள, மற்றவர்கள் கண்ணாடி ஓரமாக நின்றார்கள்.

"தோட்டக்காரங்களோட நேராவே சேர்ந்துக்கலாம்," என்றாள் நர்ஸம்மா. "சீசன் தொடங்கும்போதே நம்ம பங்கைக் கட்டிடணும். அப்புறம் வாரா வாரம் அன்னைக்குப் பறிச்ச காய்கறி பெட்டியில வரும். நல்லா விளைஞ்சா நிறைய வரும், விளையலைன்னா கொஞ்சமா வரும். அவங்களுக்கு என்ன நடக்குதோ அதுல நமக்கும் பங்கு."

"அப்போ பூச்சி விழுந்தா, பூச்சியிலயும் நமக்குப் பங்கு உண்டுங்களா?" என்றார் சலூன்காரர். எல்லோரும் சிரித்தார்கள்.

பக்கத்தில் இப்படிப் பெட்டி தருகிற தோட்டங்கள் மூன்று இருந்தன. போய்ப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க யார் போவது என்ற பேச்சு வந்ததும் எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பின. ஸ்டியரிங் அக்கா கையை உயர்த்தித் தடுத்தாள்.

"ஒரு விஷயம் சொல்லிடறேன். அதுல ஒரு தோட்டம் என் கூடப் பிறந்தவளோடது. என்னை விட்டுடுங்க."

"அதனாலதான் நீங்க போகணும்," என்றாள் நர்ஸம்மா. "தங்கச்சின்னு விட்டுக்கொடுக்கிற ஆளா நீங்க? போன மாசம் சொந்த வீட்டுக்காரரையே பஸ்ஸை விட்டு இறக்கி விட்டீங்களே."

"டிக்கெட் எடுக்கல, இறக்கிட்டா," என்று பின்னாலிருந்து அவள் கணவர் பரிதாபமாகச் சொன்னார். அவர் தெருமுனையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர்.

தங்கையைப் பற்றி அவளுக்கு உள்ளுக்குள் ஒரு பெருமையும் அதே அளவு பயமும் இருந்தன. சின்னவள் டெலிபோன் கம்பெனியில் குளிர்ந்த அறையில் உட்கார்ந்து வேலை பார்த்தவள். அதை உதறிவிட்டுத் தோழிகள் சிலரோடு ஊருக்கு வெளியே ஓடைக்கரையில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தாள். மண்வெட்டியைப் பிடிக்கத் தெரியாமல் கை கொப்பளித்த நாளில்கூட "சூப்பரா இருக்குக்கா" என்று போனில் சிரித்தவள் அவள்.

அடுத்த ஓய்வு நாளில் ஸ்டியரிங் அக்கா கிளம்பினாள். முதல் தோட்டத்தின் வாசலில் பெரிய பலகை, கண்ணாடிக் கதவு போட்ட அலுவலகம், குடிக்க ஜூஸ். பளபளவென்று துடைத்து அடுக்கிய தக்காளியைக் காட்டினார்கள். அவள் ஜூஸைக் குடித்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்ப் பார்த்தாள். மொத்த வியாபாரச் சந்தையின் முத்திரை குத்திய அட்டைப்பெட்டிகள் சுவரோரம் மலைபோலக் கிடந்தன. வெளியே வாங்கியதையும் தங்கள் தோட்டத்துப் பெட்டிக்குள் போட்டுக் கொடுக்கிறார்கள். "ஜூஸ் நல்லா இருந்துச்சு," என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

இரண்டாவது தோட்டம் ஒரு தொப்பிக்காரம்மாவுடையது. குடை அளவு தொப்பி, முழங்கால்வரை சேறு. சிரிப்பு என்பது மருந்துக்கும் இல்லை. "பாக்கணும்னா பாருங்க, கேரட்டை மட்டும் மிதிக்காதீங்க," என்றதோடு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். ஆனால் பாத்திகள் தலை வாரி விட்டதுபோல ஒழுங்காக இருந்தன. ஒரு பாத்தி அறுவடை முடியும் நேரத்தில் அடுத்தது தயாராக நின்றது. எத்தனை பேருக்குத் தர முடியுமோ அத்தனை பேருக்குத்தான் ஒப்புக்கொள்வாளாம்.

ஓடைக்கரைக்குப் போனபோது தங்கை கேட்டுக்கே ஓடிவந்தாள். வெயிலில் கறுத்து மெலிந்திருந்தாள், கண் மட்டும் மின்னியது. அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், பீன்ஸ் பந்தலையும் ஊதா நிறக் கத்தரியையும் மண்ணைக் கிளறி மண்புழுவையும் காட்டினாள். பிடுங்கிய முள்ளங்கியைப் பாவாடையில் துடைத்து நீட்டினாள். கடித்ததும் காரமும் தண்ணீருமாக நாக்கில் ஏறியது. இதைப் போல அவள் சாப்பிட்டதே இல்லை.

"எப்படிக்கா?"

"அமிர்தம்டி. ஆமா, இதுவரைக்கும் யார் யாருக்குப் பெட்டி தர்றேன்னு சொல்லியிருக்க?"

சின்னவள் விரலை மடக்கிச் சொல்லிக்கொண்டே போனாள். பழைய ஆபீஸ்காரர்கள், அவர்களின் சொந்தக்காரர்கள், ஒரு பள்ளிக்கூடத்து டீச்சர்கள் எல்லோரும், ஒர்க்‌ஷாப்காரர்கள். கை விரல் போதாமல் மறுபடி முதலிலிருந்து மடக்கினாள். அக்கா திரும்பித் தோட்டத்தைப் பார்த்தாள். இருப்பதோ ஒரே ஒரு பழைய பம்ப். அதுவும் இருமி இருமித்தான் தண்ணீரைத் துப்பியது. மேட்டுப் பாத்திகளுக்கு இன்னும் குழாயே போகவில்லை. பஸ்ஸில் படியில் தொங்குகிறவர்களைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல இருந்தது அவளுக்கு.

"இந்த வருஷம் எங்க வீட்டுக்கு வேண்டாம்டி," என்றாள்.

சின்னவள் சிரித்தாள். விளையாட்டுக்குச் சொல்வதாக நினைத்துவிட்டாள். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"ஏன்? காய் நல்லா இல்லையா?"

"காய்க்கு என்ன குறை? நீ ஏத்த முடிஞ்சதுக்கு மேல ஆளை ஏத்திட்ட. இந்தப் பம்ப் படுத்துடுச்சுன்னா எல்லாருக்கும் என்ன பதில் சொல்வ? இருக்கிறவங்களுக்கு முதல்ல ஒழுங்காக் குடு. அடுத்த வருஷம் பாக்கலாம்."

"வெளியாளா இருந்தாக்கூட ஒரு வாய்ப்பு குடுத்திருப்ப. தங்கச்சிங்கிறதால குடுக்கமாட்டேங்கிற, அதானே? உன் பேரு கெட்டுடும்."

"என் பேரு கிடக்கட்டும். உன் பேரைப் பத்திதான் பேசறேன்."

சின்னவளுக்கு அது காதில் ஏறவில்லை. கீழே கிடந்த கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். திரும்பி வந்த ஸ்டியரிங் அக்கா சலூனில் எல்லோர் முன்னிலும் தொப்பிக்காரம்மாவின் தோட்டத்தைச் சொன்னாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, அவள் முகம் அப்படி இருந்தது. வீட்டுக்கு வந்து குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். தண்ணீர் வீணாகிறதே என்று தோன்றியதும் குழாயை மூடிவிட்டு, சத்தமில்லாமல் அழுது முடித்தாள்.

அதோடு சின்னவள் பேச்சை நிறுத்தினாள். போனை எடுப்பதில்லை. ஆனால் மாமாவின் கண்ணாடிக் கடைக்கு மட்டும் வந்து போனாள். இவர் இங்கே நடப்பதை அங்கே சொல்லி, அங்கே நடப்பதை இங்கே சொல்லி, தபால்காரராகவே ஆகிவிட்டார்.

வெயில் காலத்தில் ஒரு மத்தியானம் அவர் சாப்பிட வந்தபோது தட்டைத் தொடவே இல்லை.

"மச்சினி தோட்டத்துல பம்ப் புகைஞ்சு போச்சாம். உதிரிபாகம் வர நாளாகுமாம். பீன்ஸ் பாதி காய்ஞ்சு போச்சு. பெட்டி எல்லாம் அரைகுறையாத்தான் போகுதாம்."

அன்னைக்கே சொன்னேனே என்ற சொல் அவள் வாயில் வரவில்லை. வந்திருந்தால் தன்னையே அறைந்துகொண்டிருப்பாள். "சனங்க திட்டுறாங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"திட்டுறவங்க திட்டத்தான் செய்யறாங்க. வேன்ல குடுத்து அனுப்பினா யார் முகத்தையும் பாக்க வேண்டாம். ஆனா அவளே வீடு வீடாப் போறாளாம். 'இவ்வளவுதான் விளைஞ்சது, தப்பு என்னோடது, தாங்க முடியாத அளவுக்கு ஒத்துக்கிட்டேன்'னு முகத்துக்கு நேரா சொல்றாளாம். வெளியில வாங்கிப் போட்டுச் சமாளின்னு கூட இருக்கிறவங்க சொன்னதுக்கு முடியாதுன்னுட்டாளாம்."

அடுத்த ஓய்வு நாளில் அவள் ஓடைக்கரைக்குப் போனாள். தங்கையும் தோழிகளும் ஓடையிலிருந்து தண்ணீரைக் கேனில் மொண்டு, மேட்டுக்குச் சுமந்து, செடிக்குச் செடி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். சின்னவள் அக்காவைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்து தண்ணீர் மொண்டாள். அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு காலியாகக் கிடந்த கேனை எடுத்தாள்.

ஒருத்தி ஏறும்போது இன்னொருத்தி இறங்கினாள். ஒற்றையடித் தடத்தில் எதிரெதிரே வரும்போது தோள் உரசியது, பேச்சு மட்டும் இல்லை. பொழுது சாய்கிறவரைக்கும் அப்படியே நடந்தது. ஸ்டியரிங் பிடித்துப் பழகிய தோள்கூட அன்று மரத்துப்போனது. இவள் தினமும் இதைச் செய்கிறாளே என்று நினைத்துக்கொண்டே அக்கா அடுத்த கேனைத் தூக்கினாள். சிறுபிள்ளையில் பென்சில் பெட்டியைத் தூக்கவே அழுதவள் இவள்.

கிளம்பும்போதுதான் சின்னவள் வாயைத் திறந்தாள். "போகும்போது கேட்டைச் சாத்திட்டுப் போ. மாடு பூந்துடும்."

அதுவே போதும் என்றிருந்தது. பஸ்ஸில் பயணிகளின் இருக்கையில் உட்கார்ந்து, யாரோ ஓட்ட, கை எரிய எரிய அவள் சிரித்துக்கொண்டே வீடு வந்தாள்.

அடுத்த சீசன் நெருங்கியபோது தொப்பிக்காரம்மா தானே வந்து நின்றாள். முழங்கால் தேய்ந்துவிட்டதாம், தோட்டத்தைக் குறைக்கப் போகிறாளாம். அந்த அடுக்குமாடி வீட்டுக்கு இனிப் பெட்டி தர முடியாதாம்.

"வேற எங்க போறதுங்க நாங்க?" என்றாள் ஸ்டியரிங் அக்கா.

"ஓடைக்கரையில ஒரு பொண்ணு இருக்கு. அங்க போங்க. நான் லேசுல யாரையும் சொல்லமாட்டேன்." தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டாள் அந்த அம்மா. "போன வெயிலுக்கு அரைப் பெட்டியைத் தூக்கிக்கிட்டு வாசல் வாசலாப் போய் நின்னுச்சே, அந்தத் துணிச்சல் அந்த வயசுல எனக்கு இல்ல. எனக்கு வறண்டப்போ நான் வீட்டுக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டேன். இப்போ புது பம்ப், மேடு வரைக்கும் குழாய், முன்ன இருந்ததுல பாதிக் குடும்பங்களுக்குத்தான் பெட்டி தர ஒத்துக்குது. போய்ப் பாருங்க, பாத்தி என்னோடதை விட நேரா இருக்கு. எனக்கே வயித்தெரிச்சல்."

அது என் தங்கச்சி என்று சொல்ல நாக்கு துடித்தது. சொல்லவில்லை. சொன்னால் அந்த அம்மா பேச்சை நிறுத்திவிடுவாளே. "அப்படியா, அப்புறம்?" என்று கேட்டுக் கேட்டு, அதையே இன்னொரு தடவை சொல்ல வைத்தாள்.

சலூனில் மறுபடி கூட்டம். இந்தத் தடவை சின்னவளே வந்திருந்தாள். நகக்கண்ணில் மண், கையில் வெட்டுக் காயம், நல்ல சட்டை. நடந்த தவறிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். குரல் ஓரிடத்தில்கூடத் தடுமாறவில்லை. சொல்லி முடித்ததும் எல்லோரும் ஸ்டியரிங் அக்காவைப் பார்த்தார்கள். அவள் கையைக் கட்டிக்கொண்டாள்.

"நான் கை தூக்கமாட்டேன். நீங்க முடிவு பண்ணுங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். மறுபடி விளையாமப் போனா எங்களுக்கு என்ன தருவீங்க?"

மற்றவர்களிடம் பேசுகிற மரியாதையோடு அக்கா கேட்டாள். தங்கையும் அப்படியே பதில் சொன்னாள்.

"விளைஞ்சதைத் தருவோங்க. விளையாததுக்குக் காரணம் சொல்வோம். வந்து பாக்கணும்னா கேட் திறந்திருக்கும், மாடு வராம மட்டும் பாத்துக்கணும்."

சலூன்காரர்தான் முதலில் கையைத் தூக்கினார். "பூச்சியை மட்டும் நீங்களே வெச்சுக்குங்கம்மா," என்றார். நர்ஸம்மா தூக்கினாள். பிறகு கண்ணாடியில் பார்த்தபோது சலூன் முழுக்கக் கையாகத் தெரிந்தது. மூக்குக்கண்ணாடிக்காரர் இரண்டு கையையும் தூக்கிவிட்டு, மனைவி முறைத்ததும் ஒன்றை இறக்கினார்.

கூட்டம் கலைந்ததும் வாசலில் சின்னவள் அக்காவுக்காக நின்றாள்.

"உன் மேல எனக்கு இன்னும் கோபம்தான்க்கா."

"இருக்கட்டும்."

"நீ அன்னைக்கு சரின்னு சொல்லியிருந்தா, இந்த வாசல்லயும் நான் அரைப் பெட்டியோட நின்னிருப்பேன். அதை நெனச்சா இன்னும் கோபம் வருது."

அக்கா அவள் சட்டைக் காலரில் ஒட்டியிருந்த காய்ந்த இலையை எடுத்துப் போட்டாள். "சாப்பிட்டுப் போ," என்றாள். அவளும் சாப்பிட்டுத்தான் போனாள், அதுவும் மாமாவின் பங்கையும் சேர்த்து.

முதல் பெட்டி வந்தது ஈரம் காயாத ஒரு காலையில். கீரையின் வேரில் மண் ஒட்டியிருந்தது. தக்காளி ஒன்றுபோல் ஒன்று இல்லை, ஒன்று உருண்டை, ஒன்று கோணல். மாடிப்படி முழுக்கக் கொத்தமல்லி மணத்தது. ஸ்டியரிங் அக்கா தன் பெட்டியிலிருந்து நல்லதாகப் பார்த்துத் தக்காளிகளை ஒரு துணிப்பையில் எடுத்துக்கொண்டு டெப்போவுக்குப் போனாள். ஓய்வறை மேசையில், டீ டம்ளர்களுக்கு நடுவே பையைக் கவிழ்த்தாள்.

ஒரு டிரைவர் எடுத்துக் கடித்தார். சாறு மீசையில் வழிந்தது. "என்னங்க இது, தக்காளிதானா? எந்தக் கடை?"

"கடை இல்ல," என்றாள் அவள். ஓய்வறைக்கு வெளியே பஸ் கழுவிக்கொண்டிருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரி, தேவைக்கு மேல் சத்தமாகவே சொன்னாள்: "என் தங்கச்சி விளைவிச்சது."