ஆறாவது பெட்டியில் நாய் இல்லை

1994-இல் முகப்பேர் கேஸ் ஏஜென்சியில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதை ஆன் செய்துவிட்டு, பஸ் பிடித்துப் பூந்தமல்லி போய் டீ குடித்துவிட்டுத் திரும்பினால், அப்போதுதான் கண் விழித்துக்கொண்டிருக்கும். அதன் வயிற்றுக்குள் ஒன்பதாயிரம் வீடுகள் கிடந்தன. இணைப்பு யார் பேரில், தொழில் என்ன, எந்த மாடி, எத்தனை பேர், எந்த வருஷம் வாங்கியது, வீட்டில் நாய் உண்டா, எல்லாம் இருந்தது. அந்தக் கடைசிக் கேள்வி சிலிண்டர் தூக்குகிறவர்கள் சண்டை போட்டு வாங்கியது. கடி வாங்கியது அவர்கள் கால்தானே!

அந்த இயந்திரத்தைக் கட்டி மேய்த்தவள் தாட்சாயிணி. ஆறு மாதம் ஃபாக்ஸ்ப்ரோ கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனவள். முதலாளி உட்பட ஒருவரும் அவளைக் கேட்காமல் கீபோர்டுப் பக்கம் மூச்சுக்கூட விட மாட்டார்கள்.

பயப்படாத ஒரே ஆள் கன்னியம்மாள். ஏஜென்சியைப் பெருக்கக் கரையான்சாவடியிலிருந்து வருகிறவள். அன்று துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, இடுப்பிலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்து நீட்டினாள். பத்து நாளாக எடுத்து எடுத்துப் பார்த்ததில் மூலையில் தடவிய மஞ்சள் பாதி உதிர்ந்துபோயிருந்தது. மேலே 'வேம்புலியம்மாள்' என்று பேர் மட்டும் இருந்தது, விலாசம் இல்லை.

"வர்ற ஞாயித்துக்கெழம என் பொண்ணு பொன்னிக்குக் கல்யாணம் பாப்பா. அது பொறந்தப்போ மொதல்ல கையில வாங்குனவ இவதான். இவ வந்து நிக்காம பொன்னி மணையில குந்த மாட்டேன்னுது. பத்து வருசம் எனக்குப் பக்கத்து வூடு, எண்பத்து மூணுல முகப்பேருக்கு வந்துட்டா. உன் பொட்டில கீறாளா பாரு."

"புருஷன் பேரு சொல்லுங்கக்கா. இணைப்பு அவர் பேர்லதான் இருக்கும்."

"அவ சொன்னாத்தானே! ஒரு நாளாச்சும் புருசன் பேர வாயில எடுப்பாளா? நாங்களும் மேஸ்திரி மேஸ்திரின்னே கூப்ட்டுகினு இருந்துட்டோம்."

"பத்து வருஷம் பக்கத்து வீடு. பேர் தெரியாதா?"

"இன்னாத்துக்கு? மேஸ்திரின்னா திரும்பிப் பார்ப்பாரு. போதாதா?"

பேர் இல்லாமல் ஒன்பதாயிரத்தில் ஒருத்தியைத் தேட வேண்டும். தாட்சாயிணிக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. தெரிந்ததையெல்லாம் சொல்லச் சொன்னாள். ஹவுசிங் போர்டு காலனி, கொத்தனார் மேஸ்திரி, வீட்டில் நாலு பேர், எண்பத்து மூன்றில் வாங்கிய இணைப்பு, தரைத்தளம், ஏனென்றால் ஏணியைப் பார்த்தாலே வேம்புலிக்குத் தலை சுற்றும்.

"ஆறாவதா எழுதிக்கோ, நாய் இல்ல. தெருக்கோடில நாய் கொட்டாவி உட்டா அவ கட்டில் மேல ஏறிக்குவா." கன்னியம்மாளின் குரல் இறங்கியது. "என் கவுன்சிலர அவதான் நாய் வண்டிக்குப் புட்ச்சிக் குட்த்தா."

"யாரை?"

"என் நாய்மா! தெருத் தெருவா சுத்தும், ஒரு வேலையும் பண்ணாது, அதான் அந்தப் பேரு. அவ சாமான் லாரி கெளம்புன அன்னிக்கே காணோம். குழாயடில நின்னு 'நாயக் கொன்னவ நல்லா இருப்பாளா'ன்னு கத்துனேன். அவ காதுக்கும் போச்சாம். அதோட பேச்சு நின்னுடுச்சு. இருக்கட்டும். பொன்னிக்காக மன்னிச்சுட்டேன்."

தாட்சாயிணி ஆறு நிபந்தனைகளையும் அர்ரே என்கிற வரிசையில், பெட்டிக்கு ஒன்றாகப் போட்டாள். ஆவடி யார்டில் ரயில் பெட்டிகளைக் கோப்பதுபோல, அந்தப் பெட்டிகளுக்கு நடுவே 'அண்ட்' என்ற கொக்கியை மாட்டி ஒரே நீளக் கேள்வியாக்க ஒரு புரோகிராம் எழுதினாள்.

முதல் ஓட்டத்தில் கடைசிப் பெட்டிக்குப் பின்னாலும் ஒரு கொக்கி தொங்கியது. அடுத்த பெட்டி எங்கே என்று கம்ப்யூட்டர் கத்தியது. அதைச் சரிசெய்த அவசரத்தில் 'அண்ட்'டுக்குப் பதில் 'ஆர்' போட்டுவிட்டாள். ஆறில் ஏதாவது ஒன்று பொருந்தினாலே போதும் என்று அர்த்தம். முகப்பேரில் நாய் இல்லாத வீடெல்லாம் கிளம்பி வந்தது. பிரிண்டர் துப்பிய காகிதம் மேசையைத் தாண்டி, வாசலைத் தாண்டிப் போக, அதன் முனையை ஒரு பசுமாடு மென்றுகொண்டே பஸ் ஸ்டாப் வரை போய்விட்டது. முதலாளி தலையில் கை வைத்தவர் மத்தியானம் வரை எடுக்கவில்லை.

மூன்றாவது ஓட்டம் சுத்தமாக ஓடியது. திரையில் வந்தது: பூஜ்யம்.

"இல்லியா?" என்றாள் கன்னியம்மாள். பத்திரிகையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு துடைப்பத்தை எடுத்தாள். தாட்சாயிணியால் அதைப் பார்க்க முடியவில்லை.

"இருங்கக்கா. ஆறும் ஒண்ணா பொருந்தலைன்னா, ஆறுல ஒண்ணு தப்பா இருக்கலாம் இல்ல?"

ஒவ்வொரு தடவையும் ஒரு பெட்டியைக் காலி செய்து, அதில் எதைக் கேட்டாலும் 'சரி' என்று தலையாட்டும் ஒரு சொல்லைப் போட்டாள், மாமியார் வீட்டில் புது மாப்பிள்ளையை உட்கார வைப்பதுபோல. காலனியைத் தளர்த்தினாள்; பூஜ்யம். தொழிலைத் தளர்த்தியதும் ஒரு தபால்காரர் வந்தார். அந்த ஆளை, ஏஜென்சியில் சிலிண்டர் போடுகிற துலுக்கானத்துக்குத் தெரியும். அந்த வீட்டில் வேம்புலி என்று யாரும் இல்லை என்றார். ஆட்கணக்கு, வருஷம், மாடி எல்லாம் பூஜ்யம்.

மிச்சம் ஆறாவது பெட்டி.

"அத்த மட்டும் தொடாதே," என்றாள் கன்னியம்மாள். "அது சத்தியம். மத்ததுல வேணா நான் தப்பா சொல்லியிருப்பேன்."

"சத்தியத்தையும் ஒரு தடவை பார்த்துடுவோமே அக்கா."

அதைத் தளர்த்தினாள். ஒரே ஒரு வீடு வந்து நின்றது. இணைப்பு ஜம்புலிங்கம் பேரில். மேஸ்திரி, தரைத்தளம், நாலு பேர், எண்பத்து மூன்று. நாய்: உண்டு. கீழே ஒரு குறிப்பு. அதைத் தாட்சாயிணி உரக்க வாசித்தாள்.

"'கிழட்டு நாய். கண் தெரியாது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் வழி விடும். பேர், கவுன்சிலர்.'"

கன்னியம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு, "மன்னிச்சுட்டேன்னு சொன்னேனே பாப்பா, நானு!" என்றாள்.

சாயங்காலம் இருவரும் போனார்கள். தட்டில் வெற்றிலை, பாக்கு, குங்குமச்சிமிழ், பத்திரிகை. வீட்டு வாசலில் ஒரு பழைய கோணிமூட்டை கிடந்தது. அது தலையைத் தூக்கி, மூக்கைச் சுருக்கி, எழுந்து, தள்ளாடி நடந்து வந்து, கன்னியம்மாளின் புடவையில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. பேர் சொல்லிக் கூப்பிட வேண்டிய தேவையே வரவில்லை.

உள்ளே இருந்து வேம்புலியம்மாள் வந்தாள். கையில் ஒரு கரண்டி. கரண்டியா அது! ஓட்டல் சாம்பார் அண்டாக் கரண்டிக்கே இல்லாத நீளம். மூங்கில் கழியில் கட்டியிருந்தது. எட்டடி தூரத்தில் நின்றுகொண்டு, அதன் முனையால் நாயின் தட்டில் சோற்றைக் கவிழ்த்தாள்.

"லாரி பின்னாடியே ஓடியாந்துச்சு," என்றாள், கன்னியம்மாளைப் பார்க்காமல். "அடுத்த நாள் இட்டாந்து உடலாம்னு இருந்தேன். அதுக்குள்ள குழாயடிச் சேதி வந்துச்சு. கொன்னவ கிட்ட உன் நாய் எப்டிடீ இருக்கும்? அதான் வரல."

"பதினோரு வருசமா?"

"பதினோரு வருசமா இந்தக் கரண்டியாலதான். இன்னும் பயமாத்தான் கீது."

கன்னியம்மாள் தட்டை நீட்டினாள். நடுவில் நாய் நின்றது. வேம்புலியம்மாள் நாயைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள், மேலே இருந்த பேரைப் பார்த்தாள்.

"பொன்னிக்கா?"

கன்னியம்மாள் தலையாட்டிவிட்டு, தட்டை இன்னும் கொஞ்சம் நீட்டினாள்.

வேம்புலியம்மாள் கரண்டியைச் சுவரில் சாய்த்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு, நாயின் வால் முழங்காலில் பட்டபோது 'ஐயோ' என்று ஒரு கத்துக் கத்திக்கொண்டே, எட்டடியையும் நடந்து வந்து, இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டாள்.