இரண்டு ஓசிகள்

மூன்றாவது கண்ணாடித் தகட்டிலும் அவை இருந்தன. அவள் நுண்ணோக்கியிலிருந்து தலையைத் தூக்கி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் குனிந்தாள். மக்காச்சோள வேர்நுனியில் ஒரு செல். சிவப்புச் சாயத்தில் ஊறிய இருபது குரோமோசோம்கள், கைகால் பரப்பிக்கொண்டு. நடுவே, யாரும் கூப்பிடாமல் வந்து உட்கார்ந்த விருந்தாளிகள்போல, குட்டையாக இன்னும் இரண்டு.

"சனியனே," என்றாள் வாய்விட்டு.

பி குரோமோசோம் என்பது முறையான பெயர். ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அவை ஓசிகள்தான். செடிக்கு அவற்றால் ஆக வேண்டிய காரியம் எதுவுமில்லை. இருந்தாலும் வளரும், இல்லாவிட்டாலும் வளரும்; எக்கச்சக்கமாகச் சேர்ந்தால் மட்டும் சோர்ந்துபோகும். ஆனாலும் தலைமுறை தலைமுறையாகத் தொற்றிக்கொண்டு வருவதற்கு அவை ஒரு தந்திரம் வைத்திருக்கின்றன. மகரந்தத்துக்குள் விந்தணுக்கள் உருவாகும்போது, ஆளுக்கொரு பக்கம் பிரிய வேண்டியவை பிரியாமல் இரண்டுமாக ஒரே விந்தணுவில் ஏறிக்கொள்ளும். பெரும்பாலும் அந்த விந்தணுதான் முண்டியடித்துக்கொண்டு போய் முட்டையைச் சேரும். எந்த வரிசையிலும் தன் முறை வரும்வரை நின்றே பழகிய அவளுக்கு இதை நினைத்தாலே பற்றிக்கொண்டு வரும்.

ஓசியே இல்லாத ஒரு விதைவரிசையை உருவாக்கித் தருவது அவள் வேலை. விதைப்பது, வேர்நுனி கிள்ளுவது, எண்ணுவது, ஓசி உள்ள செடியைப் பிடுங்கி எறிவது, மிச்சத்துக்குக் காகித உறை மாட்டி அதனதன் மகரந்தத்தையே அதனதன் கதிருக்குத் தூவுவது. திருமணமான புதிதில் தொடங்கியது. இடையில் கணவனுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்து, அவன் முன்னால் போய் வீடு பார்த்து, பாத்திரங்களைப் பெட்டியோடு வைத்துக்கொண்டு காத்திருந்தான். "இந்த அறுவடை முடிஞ்சதும் வந்துடுவேன்," என்று சொல்லியிருந்தாள். அறுவடை முடிந்துவிட்டது. போன பருவத்தில் இந்த வரிசையில் ஒரு ஓசிகூட இல்லை. விதையை வாங்கிக்கொள்ளக் காத்திருக்கும் இன்னொரு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும் முன், பேருக்கு ஒரு கடைசிச் சோதனை. அவ்வளவுதான் பாக்கி.

இப்போது பார்த்தால், ஒரே கதிரின் நாற்றுகளில் இரண்டிரண்டாக. தாய்ச்செடியில் கிடையாது. இரண்டு இரண்டாக வந்தால் வேறு செடியின் மகரந்தத்தின் வழியாகத்தான் வந்திருக்கும். அதாவது, அவள் கட்டிய உறையை யாரோ கழற்றியிருக்கிறார்கள்.

துறைத்தலைவருக்குப் 'பரவாயில்லை' என்று பட்டப்பெயர். எதைக் கொண்டுபோனாலும் அதைத்தான் சொல்வார்.

"பரவாயில்லம்மா. ஓசி இருக்கறதப் பொறுக்கி வெளிய போட்டுட்டு மிச்சத்தக் குடுத்துடுங்க."

"மிச்சத்துலயும் வேற செடியோட மகரந்தம் கலந்திருக்கும் சார். ஓசி இல்லங்கறதால சுத்தம்னு ஆயிடாது."

"எண்ணுறப்ப தப்பாயிருக்கும். கண்ணு அசந்திருக்கும். நீங்களும் பாவம், ஊருக்குப் போற யோசனைல இருக்கீங்க."

கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு வெளியே வந்து, தாழ்வாரத்தில் சுவரைப் பார்த்தபடி நின்றாள். அப்போதுதான் அந்தப் புகைப்படம் கண்ணில் பட்டது. தினமும் அதைக் கடந்துதான் போய்வந்துகொண்டிருந்தாள். வெளியூர் விருந்தினர்கள் பசுமைக்குடிலைப் பார்க்க வந்தபோது எடுத்தது. தலைவர் பல் தெரியச் சிரித்துக்கொண்டு ஒரு கதிரைக் காட்டுகிறார். மகரந்தத்தைப் பிடிக்கும் கதிரின் பட்டுநூல்கள் பளபளவென்று வெளியே தொங்குகின்றன. செடியில் அவளுடைய மஞ்சள் அட்டை. பின்வரிசையில், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகவே வளர்த்த ஓசிச் செடிகள், மகரந்தம் உதிர்க்கும் உச்சிப்பூ விரிய நிற்கின்றன. தலைவரின் இடது கையில், கைக்குட்டைபோலக் கசங்கி, காகித உறை.

திரும்பிப் போய்க் கதவைத் தட்டினாள். "ஒரு நிமிஷம் வெளிய வாங்க சார்."

அவர் படத்தை வாஞ்சையோடு பார்த்தார். "இதுல நான் நல்லா விழுந்திருக்கேன்னு எல்லாரும் சொன்னாங்க."

"கைல பாருங்க சார்."

பார்த்தார். அவருடைய காதுமடல்கள் சிவந்தன. "போட்டோவுக்குத்தாம்மா கழட்டினேன். உடனே மாட்டிட்டேன்."

"மகரந்தத்துக்கு அந்த நேரம் தாராளம் சார்."

தொண்டையைச் செருமிக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "சரி, நடந்தது நடந்துபோச்சு. அவங்க ஒண்ணொண்ணா எண்ணப் போறாங்களா என்ன? சுத்தம்னு ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க. உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

ஒரு கணம் அந்த வீட்டையும் பிரிக்காத பாத்திரப் பெட்டிகளையும் நினைத்தாள். தலைவர் அவளுடைய மௌனத்தைச் சம்மதமென்று எடுத்துக்கொண்டு பேனாவை நீட்டினார். அந்தப் பேனாதான் அவளுக்கு எரிச்சலை உச்சந்தலை வரை ஏற்றியது.

"முடியாது சார். பழைய விதை கொஞ்சம் எடுத்து வச்சிருக்கேன். அதுலேருந்து மறுபடி போடறேன்."

"இன்னொரு பருவம் ஆகுமே?"

"ஆகும்."

அன்று சாயங்காலம் கணவனிடம் போனில் சொன்னாள். "கண்ணுக்கே தெரியாத ரெண்டு துணுக்குக்காக நான் இங்க தனியா குப்பை கொட்டணுமா?" என்றான்.

"என் கண்ணுக்குத் தெரியுதே."

"அந்தாள் பண்ணின கூத்துக்கு நீ ஏன் அழணும்?"

"நான் எங்க அழறேன்?" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. அவன் போனை வைத்துவிட்டான்.

மறுநாள் தாழ்வாரத்தில் படம் இல்லை. ஆணி மட்டும் இருந்தது. மன்னிப்பென்று யாரும் எதுவும் கேட்கவில்லை. அவள் மண்ணைக் கொத்தி மறுபடி விதைத்தாள். மறுபடி வேர்நுனி, மறுபடி சாயம். கணவன் போனில் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதற்கு மேல் கேட்பதை நிறுத்தியிருந்தான்.

செடிகள் பூத்த வாரத்தில் ஒருநாள், சொல்லாமல் கொள்ளாமல் வந்து பசுமைக்குடிலின் வாசலில் நின்றான். கறுப்புச் சட்டை. முகத்தில் இன்னும் அந்தக் கோபம். "அப்படி என்னதான் இருக்குன்னு பாத்துட்டுப் போறேன்," என்றான். அவள் தடுப்பதற்குள் பின்வரிசை வழியாக, ஓசிச் செடிகளைத் தோளால் உரசிக்கொண்டு நேராக அவளை நோக்கி நடந்தான்.

"நில்லுங்க! அங்கயே நில்லுங்க! அசையாதீங்க!"

அவள் போட்ட சத்தத்தில் திடுக்கிட்டு, திருடனைப்போல இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றான். கறுப்புச் சட்டை முழுக்க மஞ்சள் பொடி. அவள் கையிலிருந்த உறையைக் கீழே வைத்துவிட்டு, ஈரத்துணியோடு ஓடிவந்து, அவனை வாசலுக்கு வெளியே இழுத்துப்போய், தோளிலிருந்து மணிக்கட்டுவரை அழுத்தித் துடைக்கத் தொடங்கினாள்.

"கையக் கீழ விடலாமா?" என்றான்.

"இருங்க," என்றாள் அவள். அவனுடைய காதோரத்து மயிரிலும் கொஞ்சம் ஒட்டியிருந்தது.