அவர் வாயில் வந்த பெயர்

எதிர்வீட்டுச் சுடலைமுத்து அண்ணாச்சியை என் கணவர் செவ்வாய்க்கிழமை காலை குக்கர் ஆக்கிவிட்டார்.

அண்ணாச்சி உடம்பு விசாரிக்க வந்திருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "என்னடே ஆவுடையப்பா, என்னயத் தெரியுதா?" என்று கேட்டார். இவர் சிரித்தார். ஆளைத் தெரிந்த சிரிப்புதான். பிறகு வாயைத் திறந்து "குக்கர்" என்றார்.

நாற்காலியில் குக்கர் இருந்தது. ஐந்து லிட்டர். மூடியில் அண்ணாச்சியின் சந்தனப் பொட்டு அப்படியே இருந்தது.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே இவர் வாயால் எதிர்வீடு கெட்டது.

என் பெயர் செண்பகவல்லி. இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். இவர் நாகர்கோவில் பஸ்ஸில் கண்டக்டர். வாயால் பிழைத்தவர். போன மாதம் வள்ளியூர் வந்ததும் ஊர்ப் பெயரைச் சொல்லப் போனவர், சொல்ல முடியாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மூளையில் இடது பக்கம் ரத்தம் அடைத்துவிட்டது, பேச்சு குடியிருக்கிற பக்கம் அதுதான் என்றார் டாக்டர். வலது கையும் விளங்கவில்லை.

மறுநாள் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற மெர்லின் வந்தாள். நல்ல பிள்ளை. நாற்காலியில் இருந்த குக்கரைப் பார்த்தாள்.

"இது சகஜம்க்கா" என்றாள்.

"எது சகஜம்?"

"அவுகளுக்கு ஆளத் தெரியும். பேருதான் வராது. ஒரு பேரத் தேடிப் போனா வேற பேரு முந்திக்கிட்டு வந்து நிக்கும்."

"வந்து நின்னா?"

"அப்ப அதுதான்."

அவள் படங்களை எடுத்துக் காட்டினாள். பூனை, சாவி, வாழைப்பழம். இவர் எதற்கும் வாய் திறக்கவில்லை. "சரி, நான் யாருன்னு சொல்லுங்க பாப்போம்" என்றாள் மெர்லின். அவள் சொல்லி முடிக்கும் முன் நான் அவள் வாயைப் பொத்தப் போனேன். அதற்குள் இவர் வாய் முந்திவிட்டது. பொத்தியபோது என் கையில் குடைதான் இருந்தது. மடித்து ஆணியில் மாட்டினேன். மழை வருவதற்கு முன் தானாக விரிந்துகொள்கிறது. கெட்டிக்காரப் பிள்ளை.

அண்ணாச்சியின் மனைவி சொர்ணம் மதினி குக்கரைத் தூக்கிக்கொண்டு ஆபீசுக்குப் போய்வந்தாள்.

"மாத்த முடியாதாம்" என்றாள்.

"ஏனாம்?"

"சொன்னவுகளே நேராப் பாத்து, சரியான பேரச் சொல்லணுமாம்."

"எந்த ஆபீஸ் மதினி அது?"

"தெரியல. நான் வெளிய வந்து திரும்பிப் பாக்கதுக்குள்ள ஆபீசே எந்திரிச்சுப் போயிட்டு."

"அவுகள வச்சு உலை போட மனசு வரல" என்றாள் மதினி. "ஆனா வெறுமனே இருந்தாலும் வேளைக்கு மூணு விசில் அடிச்சிருதாக."

ஒன்று மட்டும் இவருக்குப் பழுதில்லாமல் வந்தது. "உள்ள போ, உள்ள போ, படியில நிக்காத!" என்று கணீரென்று சொல்வார். நாக்குக்குப் பழகிய பேச்சு வேறு இடத்தில் பத்திரமாக இருக்கும் என்று மெர்லின் குடையாவதற்கு முன் சொல்லியிருந்தாள். அவர் அப்படிச் சொல்லும்போதெல்லாம் வீட்டின் நடை உள்ளே தள்ளிப் போய் நீண்டது. இப்போது அடுக்களையிலிருந்து கட்டிலுக்குப் போய்ச் சேர்வதற்குள் கஞ்சி ஆறிவிடுகிறது.

நான் அவர் முன்னால் போவதை நிறுத்தினேன். முதுகுப் பக்கமாக நின்று ஊட்டினேன். முதுகுப் பக்கமாக நின்று முகம் துடைத்தேன். என்னைப் பார்த்தால் என் பெயர் வராது.

ஏனென்றால் இவர் என்னை ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏளா" என்பார். அவ்வளவுதான். கல்யாணமான நாளிலிருந்து நான் ஏளாதான். மாமியாருக்கு நான் "வந்தவ". "வந்தவளுக்கு உப்புப் போடத் தெரியல" என்று வலது முட்டியைத் தேய்த்துக்கொண்டே சொல்வாள். கண்ணை மூடிய அன்றும் அதைச் சொல்லிவிட்டுத்தான் மூடினாள். இத்தனை வருஷத்தில் தினம் ஒரு தடவை செண்பகவல்லி என்று சொல்லியிருந்தால், வள்ளியூர் நாக்கை விட்டுப் போன பிறகும் அது பத்திரமாக இருந்திருக்கும். நினைக்க நினைக்க ஆத்திரமாக வந்தது. அழுகையும் வந்தது.

கதவுக்குப் பின்னால் நின்று சொல்லிக்கொடுத்தேன்.

"செண்பகவல்லி. சொல்லுங்க."

"செ..."

"செண்பக..."

"செ... செ..." வியர்த்துக் கொட்டியது அவருக்கு. கடைசியில் "ரைட்" என்றார். வீடு ஒரு குலுக்குக் குலுக்கி, கொஞ்சம் முன்னால் நகர்ந்து நின்றது.

வெள்ளிக்கிழமை கஞ்சி ஊட்டும்போது புரையேறியது. கண் மேலே செருகிவிட்டது. முதுகைத் தட்டினேன், நிற்கவில்லை. பதறிப்போய் முன்னால் ஓடி வந்து தலையைத் தாங்கிப் பிடித்தேன். மூச்சு வந்தது. கண் இறங்கி நேராக என்னைப் பார்த்தது. அதில் தண்ணீர் நிறைந்திருந்தது. இந்த மனிதர் என்னை இப்படிப் பார்த்ததே இல்லை. உதடு கூடியது.

"வேண்டாம்" என்றேன்.

"அம்மா" என்றார்.

முதலில் வலது முட்டி வலித்தது. பிறகு மேல் வரிசையில் பற்களைக் காணவில்லை. கையைப் பார்த்தேன். என் கை இல்லை. அந்தக் கையை எனக்குத் தெரியும், அதைக் கடைசியாகக் குளிப்பாட்டி அனுப்பியதே நான்தான். ஐயோ, நான் செண்பகவல்லி, சரியாகப் பார்த்துச் சொல்லுங்கள் என்று கத்தத்தான் வாயைத் திறந்தேன்.

"என் ஐயா" என்று வந்தது. "என் ராசா, என்னய்யா இப்படிக் கெடக்க?"

பிள்ளை பாதியாக இளைத்திருந்தான். வாயோரம் வழிந்த கஞ்சியை முந்தானையால் துடைத்தேன். கிண்ணத்தில் மிச்சம் இருந்ததை ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். உப்பே இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உடம்புக்கு முடியாத பிள்ளையை இப்படிப் போட்டுவிட்டு வந்தவ எங்கே போனாள்? அடுக்களைப் பக்கம் பார்த்துச் சத்தம் போட்டேன். யாரும் வரவில்லை. எதிர்வீட்டில் மூன்று விசில் கேட்டது.

ஆவுடையப்பன் என் தோளுக்கு மேலாக வாசலைப் பார்த்தான். யாரையோ தேடினான். வாசல் காலியாக இருந்தது. அவன் உதடு கூடியது, நெற்றி வியர்த்தது.

"செண்பகவல்லி" என்றான். திக்கவில்லை, திணறவில்லை. பஸ் நிற்கும்போது ஊர்ப் பெயரைச் சொல்வதுபோலச் சொன்னான். சொல்லிவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"யாருய்யா அது?" என்று கேட்டேன்.